வளையல் ஒலிக்காத கை

தொப். அப்புறம் தும். அப்புறம் கலீர். எப்போதும் இந்த வரிசையில்தான். தொப் என்பது மட்டையில் கம்பளிப் பந்து படுகிற சத்தம். தும் என்பது அந்தப் பந்து பின்கட்டுச் சுவரில் போய் மோதுகிற சத்தம். கலீர் என்பது வளையல். பிரமநாயகி அந்த ஆட்டத்தை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை, கேட்டதோடு சரி. அம்மை போட்டு, வேப்பிலை பரப்பிய பாயில், சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்தாள். அண்ணனுக்குக் கல்யாணமாகி, அந்தப் பந்தடிக்கிற மைனி வீட்டுக்கு வந்த புதுசு. கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சல்; காது மட்டும் திறந்து கிடந்தது. தொப்புக்கும் தும்முக்கும் நடுவில் அரை மூச்சு, தும்முக்கும் கலீருக்கும் நடுவில் அதைவிடக் கொஞ்சம் நீளமான மூச்சு, அந்த இடைவெளிகளைக்கூட இன்றைக்கும் அவளால் சொல்ல முடியும். இத்தனை காலம் கழித்து அது இப்போது எதற்கு வந்தது என்று யோசித்தபடியே கையிலிருந்த கறுப்புப் பட்டையை டிவியின் தலைமேல் வைத்துப் பார்த்தாள். திரும்பினால் காரணம் தெரிந்தது. மைனியின் மடியில் வைத்திருந்த விளையாட்டுக் கட்டை நழுவி நாற்காலி மெத்தையில் விழுந்து கிடந்தது. "நான் ஒண்ணும் தூக்கிப் போடல, கேட்டியா. அதுவாப் போச்சு" என்றாள் மைனி. "நான் ஒண்ணும் சொல்லலியே மைனி" என்றாள் பிரமு. "சொல்லல. திரும்பிப் பார்த்தேல்லா, அதத்தான் சொல்லுதேன்."

மைனியின் பெயர் விசாலாட்சி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது உலகத்தில் யாரும் இல்லை. அண்ணன் இருந்தவரை சாலா என்பார். இந்தப் பெருமாள்புரம் வீட்டில் இப்போது மிச்சம் இருப்பது மைனியும் நாத்தனாரும்தான், ஒருத்திக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னொருத்தி தாண்டப் போகிறாள். ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் மைனி தோசைக்கரண்டியோடு அடுப்படியில் சரிந்தாள். வலப்பக்கம் போய்விட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பிக் கம்பை ஊன்றிக் கழிப்பறைவரை போகிற அளவுக்கு வந்தது, கை வரவில்லை. பேச்சுக்கு ஒன்றுமே ஆகவில்லை. வலப்பக்கம் விழுந்தால் பேச்சும் சேர்ந்து போவதுதான் வழக்கம், இந்தம்மாவுக்கு ஒரு சொல்கூடச் சிந்தவில்லையே என்று டாக்டர் வியந்தார். "அது போயிருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்று மைனி அன்றைக்கே சொன்னாள், அதுவும் டாக்டர் முன்னாலேயே. அந்தப் பேச்சு எங்கே ஒளிந்து தப்பித்தது என்று பிரமு அடிக்கடி யோசித்திருக்கிறாள். வீட்டில் ஒரு பக்கம் இடிந்து விழும்போது இன்னொரு அறையில் இருந்த ஆள்போல. கை மட்டும் மடியில் கிடந்தது. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல இடது கைதான் அதை எடுத்து மடியில் கிடத்தும், சேலை முந்தானையால் மூடிவிடும். இடது கை பாவம், எல்லா வேலையும் பார்த்தது. டிவி சேனலை மாற்றியது, முதுகைச் சொறிந்தது, கண்ணாடியைத் துடைத்தது, முகத்துக்கு நேரே பறந்து வந்த கொசுவைக் காற்றிலேயே லபக்கென்று பிடித்தது. ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யாது. சோற்றைத் தொடாது. "அந்தக் கையால சாப்பிடவா? அதுக்கு நீ ஊட்டுறது தேவல" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கரண்டியைக் கொடுத்தாலும் மாட்டாள். கரண்டி வேறு, கை வேறா என்பாள். மூன்று வேளையும் பிரமுதான் பிசைந்து ஊட்டினாள். ஊட்டும்போது மைனி அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பாள்.

அதில்தான் இப்போது எல்லாம் வந்து நிற்கிறது. மைனியின் மகன் நயினார் பெங்களூரிலிருந்து மாதக் கடைசியில் வருகிறான். "அம்மா தன் கையால சாப்பிடுற அளவுக்கு வந்துட்டான்னா அங்கயே இருக்கட்டும் அத்தை. இல்லேன்னா நான் கூட்டிட்டு வந்துருதேன். உங்களுக்கும் வயசாகுதுல்லா. ராத்திரி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்க ஒத்தையில என்ன செய்வீங்க?" என்று போனில் சொன்னான். அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கஷ்டம். கடைசியில், "நீங்களும் வாங்களேன்" என்றான். பிரமு தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத ஆட்களின் குரலிலேயே வாழ்ந்தவள். வாங்களேன் என்பதற்கும் வாங்க என்பதற்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரியும். அவனைக் குறை சொல்ல முடியாது. பதினோராம் மாடியில் அவனுக்கும் இரண்டு அறைதான். மைனி அங்கே போவாள். அங்கே ஒரு நர்ஸ் வந்து ஊட்டுவாள். மைனி அங்கேயும் சுவரைப் பார்ப்பாள், ஆனால் அது வேறு சுவர். இங்கே இந்த நாற்காலி இருக்கும். நாற்காலியில் யாரும் இல்லாத கூடத்தில் டிவியைப் போடுவதா வேண்டாமா என்று சாயங்காலம் ஒரு யோசனை வரும் என்று பிரமுவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியபோது நெஞ்சில் ஏதோ ஒன்று, பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கொக்கி துணியில் மாட்டுவதுபோல மாட்டியது. பயம் என்றால் இவ்வளவு சின்னதாகவா இருக்கும்? அவள் அதை எடுத்துவிட்டுப் பட்டையைச் சரிசெய்தாள்.

கைக்கு வைத்தியம் பார்க்க வருகிற பெண் பெனிட்டாதான் இந்த யோசனையைச் சொன்னது. "ஆச்சிக்கு உடற்பயிற்சின்னா புடிக்க மாட்டேங்கு. விளையாட்டா இருந்தா மூளை கொஞ்சம் ஏமாறும், கை தன்னால அசையும்" என்றாள். நயினாரின் மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கிய செட் ஒன்று பரணில் கிடந்ததாம்; பையன் இப்போது வெளிநாட்டில் படிக்கிறான். பார்சலில் வந்தது. ஒரு வெள்ளைப் பெட்டி, வயர்கள், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கயிறு வைத்த ஒரு கட்டை, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பட்டை. கட்டையைக் கையில் பிடித்து வீசினால் டிவிக்குள் இருக்கிற பொம்மையும் வீசும். ஆனால் அதற்கு முன்னால் டிவியில் ஒரு வெள்ளைக் கை வர வேண்டும், கையுறை போட்ட மாதிரி ஒரு விரல் நீட்டிய கை. அந்தக் கை நாம் கட்டையை நீட்டுகிற இடத்துக்கெல்லாம் போகும். அதைக் கொண்டுபோய் 'தொடங்கு' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிற கட்டத்தில் நிறுத்தி அமுக்கினால்தான் ஆட்டமே. அந்தக் கைதான் வரவில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததிலிருந்து பிரமு இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். பட்டையை டிவிக்கு மேலே வைத்தாள், வரவில்லை. கீழே வைத்தாள், வரவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்தாள். "என்னையும் சேர்த்து இழுக்கியே, நான் என்ன பீரோவா" என்றாள் மைனி. பின்னால் தள்ளினாள். "இப்ப பீரோவேதான்." டிவி ஸ்டாண்டில் இருந்த பிளாஸ்டிக் பூ ஜாடியை எடுத்து ஜன்னலில் வைத்தாள், ஒருவேளை அது மறைக்கிறதோ என்று. தஞ்சாவூர்ப் பொம்மையை எடுத்தாள். அண்ணனுடைய போட்டோவை எடுக்கப் போனவள் நின்றுவிட்டாள். "அவுக என்ன மறைச்சாக, பாவம்" என்று மைனி பின்னாலிருந்து சொன்னாள். போட்டோ அங்கேயே இருந்தது.

இந்தப் பட்டை எதைப் பார்க்கிறது? பிரமுவுக்கு இதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. குனிந்து அதன் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். கறுப்பாக, பளபளப்பாக, ஒரு பக்கத்தில் அவளுடைய மூக்கு தெரிந்தது. கண் என்று எதுவும் இல்லை. கண் இல்லாமல் பார்க்கிறதாக்கும். அவளும் அப்படித்தான் இருந்தாள் ஒரு காலத்தில், கண் இல்லாமல். யார் எந்த ஊரில் எந்த அறையில் நின்றுகொண்டு பேசுகிறார்கள் என்று தெரியாமலே வயரைச் செருகி இணைத்துவிட்டாள். தூத்துக்குடியில் ஒரு உப்பு வியாபாரி இருந்தார், அவர் பேசும்போது பின்னால் எப்போதும் ஒரு கிளி கத்தும். அந்தக் கிளியை வைத்தே வீட்டிலிருந்து பேசுகிறாரா கடையிலிருந்து பேசுகிறாரா என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் கிளிச் சத்தம் வரவில்லை, அவள் விதியை மீறி, சார் கிளி எங்கே என்று கேட்டுவிட்டாள். பறந்துட்டும்மா என்றார். அவள் இணைப்பைக் கொடுத்துவிட்டாள். இந்தப் பட்டையும் அப்படி எதையாவது பிடித்துவைத்துக்கொண்டிருக்குமோ, யாரும் கேட்காததால் சொல்லாமல்? "ஏ பிரமு, அதுகூட என்ன ரகசியம் பேசிட்டு இருக்க?" என்றாள் மைனி. "இது எங்கன பார்க்குன்னு பார்த்தேன்." "அது உன்னப் பார்த்துப் பயந்துபோயிருக்கும். கண்ணாடியக் கழத்திட்டுப் பாரு."

வெயில் பட்டால் இது வேலை செய்யாது என்று பெனிட்டா சொன்னது ஞாபகம் வந்தது. மேற்கு ஜன்னலில் வெயில் சரிந்து டிவியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிரமு அரக்குச் சேலை ஒன்றை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினாள். கூடம் முழுக்கச் செம்மண் தண்ணீர் ஊற்றினாற்போல ஆகிவிட்டது. மைனியின் முகம், அண்ணனின் போட்டோ, வெள்ளைப் பெட்டி எல்லாம் அந்த நிறத்தில் மிதந்தன. அம்மை இறங்கிக் கண் திறந்த அன்றைக்கும் அறை இப்படித்தான் நிறம் மாறி இருந்தது. அம்மா ஜன்னலில் மஞ்சள் தோய்த்த சேலை கட்டியிருந்தாள். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. சத்தம் எங்கேம்மா என்று கேட்டதற்கு, அம்மை போட்டிருக்கிற வீட்டில் தாளிக்கவே கூடாதுங்கிறேன், இவ பந்தடிச்சுட்டு இருக்கா, நிறுத்தச் சொல்லிட்டேன் என்றாள் அம்மா. தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகு திரும்ப ஆரம்பிக்கும் என்று பிரமு காத்திருந்தாள். அது ஆரம்பிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்ன மாதிரியும் ஞாபகம் இல்லை. நின்றது நின்றதுதான். மைனி காலேஜ் டீமில் ஆடினவள் என்று அண்ணன் ஒருமுறை யாரிடமோ பெருமையாகச் சொன்னார். மட்டையின் நரம்பு அறுந்து வெறும் சட்டம் கொஞ்ச காலம் கொய்யா மரத்தில் காய் பறிக்க உதவியது. அப்புறம் அது எங்கே போயிற்று? கொய்யா மரம் எங்கே போயிற்று என்பது தெரியும், அந்த இடத்தில்தான் இப்போது தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சட்டம் எங்கே?

சேலை கட்டியும் கை வரவில்லை. நயினாருக்குப் போன் செய்தாள். "கை வந்துச்சா அத்தை?" என்றான் எடுத்தவுடனே. எந்தக் கையைக் கேட்கிறான் என்று அவள் ஒரு கணம் தடுமாறி, "இல்லப்பா, டிவில வரல" என்றாள். "பட்டைய நடுவுல வச்சீங்களா? வயரு பின்னால நல்லாச் செருகியிருக்கா? அதுல ரெண்டு ஓரத்துலயும் சின்ன லைட் இருக்கும் அத்தை, நம்ம கண்ணுக்குத் தெரியாது. சூடு மாதிரி ஒரு வெளிச்சம். அத அந்தக் கட்டை பார்க்கும். பட்டை ஒண்ணும் பார்க்காது." அவனுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "மீட்டிங் அத்தை, அப்புறம் பேசுதேன். அம்மா சாப்பிட்டாளா?" "சாப்பிட்டா." "தன்னாலயா?" பிரமு பதில் சொல்வதற்குள் அவனே, "சரி சரி, வைக்கேன்" என்றான். பட்டை பார்ப்பதில்லையா? பார்ப்பது கட்டையா? இவ்வளவு நேரம் பார்வையில்லாத ஒன்றின் முன்னால் போய் மூஞ்சியைக் காட்டிக்கொண்டு நின்றதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண் நம் கையில் இருக்கிறது, அங்கே இருப்பது வெறும் விளக்கு. அவள் பட்டையின் வயரை விரலால் நீவிக்கொண்டே போனாள். நூல் மாதிரி மெல்லிசு. பெட்டியை நெருங்குகிற இடத்தில் எலி கடித்திருந்தது. மேல்தோல் போய், உள்ளே செம்புக் கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. பெங்களூர்ப் பரணிலும் எலி உண்டு போல. "என்ன?" என்றாள் மைனி. "ஒண்ணுமில்ல மைனி." "ஒண்ணுமில்லேன்னா ஏன் அப்படியே உக்கார்ந்துட்ட?" பிரமு தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. புதுப் பட்டைக்குச் சொல்லி, அது வந்து சேர்ந்து, மைனி பழகி, கை அசைந்து, சோற்றுப் பருக்கையை எடுத்து... அதற்குள் மாதக் கடைசி வந்துவிடும். "விட்டுருட்டி" என்றாள் மைனி. குரலில் கேலி இல்லை. "வராததப் போட்டு எதுக்கு இழுத்துட்டு இருக்க. வந்து வெளக்க ஏத்து. வெள்ளிக்கிழமை, இருட்டிட்டு வருது."

விளக்கு டிவி ஸ்டாண்டில்தான் ஏற்றுவது. பூஜை அறை என்று தனியாக இந்த வீட்டில் இல்லை. டிவிக்கு மேலே மரப்பலகையில் சாமிப் படங்கள், டிவிக்கு முன்னால் இரண்டு ஓரத்திலும் பித்தளை விளக்கு ஒவ்வொன்று. சாமிக்குப் பாதி, சீரியலுக்குப் பாதி என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார். மத்தியானம் ஸ்டாண்டில் இருந்த சாமான்களை அகற்றியதில் விளக்குகளைத் தரையில் வைத்திருந்தாள். ஜன்னல் சேலையை அவிழ்க்கவில்லை, வெளியே வெயிலும் இல்லை. திரியைத் தூண்டி, எண்ணெய் விட்டு, ஒரு விளக்கை ஏற்றிப் பட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னால் மைனி, "அய்ய, என்னமோ ஓடிச்சு" என்றாள். "என்ன, எலியா?" "டிவிலட்டி. வெள்ளையா." பிரமு திரும்பிப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. மைனியின் மடியில் கட்டை டிவியைப் பார்த்துக் கிடந்தது. இரண்டாவது விளக்கை ஏற்றி, எங்கே வைப்பது என்று யோசிக்காமல், முதல் விளக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள். கை வந்துவிட்டது. டிவியின் நடுவில், ஒரு விரலை நீட்டிக்கொண்டு, மைனி மூச்சு விடுவதற்கேற்ப லேசாக ஏறி இறங்கிக்கொண்டு நின்றது. பிரமு ஒரு சுடரைத் தன் உள்ளங்கையால் மறைத்தாள், வெள்ளைக் கை தடுமாறிக் காணாமல் போயிற்று. எடுத்தாள், வந்தது. மறைத்தாள், எடுத்தாள். மின்விசிறியின் காற்றில் சுடர் ஆடினால் கையும் ஆடியது. விசிறியை நிறுத்தினாள், கை நின்றது. சூடு மாதிரி ஒரு வெளிச்சம் என்றானே. பட்டைக்குள் இருந்ததும் இதுதானா? "இந்த வெளக்கத்தான் அது பார்க்கு மைனி. ரெண்டு வெளக்கு இருந்தாத்தான் அதுக்கு எடம் தெரியுது." மைனி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சாமி கும்பிடுதுன்னு சொல்லு" என்றாள். பிரமு சிரித்தாள். நாள் முழுக்க வாய்விட்டு வந்த முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கட்டையை எடுத்து, வெள்ளைக் கையை நகர்த்திக்கொண்டுபோய், தொடங்கு என்ற கட்டத்தில் அமுக்கினாள். இசை ஒன்று கிளம்பியது. டென்னிஸ் மைதானம் வந்தது. அதன் நடுவில் இரண்டு படங்கள் வந்து நின்றன, ஒரு பொம்மை வலது கையில் மட்டை பிடித்திருந்தது, ஒரு பொம்மை இடது கையில். கீழே ஒரு கேள்வி. நீங்கள் எந்தக் கை?

வலதுதான். அவளுடைய விரல் அமுக்கப் போனது. போனது நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. தொப். தும். கலீர். வரிசை அதுதான், சந்தேகமே இல்லை. மட்டையில் பந்து படும்போது வளையல் ஒலிக்கவில்லை. பந்து சுவரில் பட்டுத் திரும்பி வந்து, அதைக் கை பிடிக்கும்போதுதான் வளையல் ஒலித்தது. அவ்வளவு வேகமாக வீசுகிற கையில் வளையல் ஒலிக்காமல் இருக்குமா, புதுப்பெண்ணின் கையில்? கழற்றி வைத்திருப்பாள். ஆடுகிற கையில் மட்டும் கழற்றிவிட்டு மற்றக் கையில் விட்டுவைத்திருப்பாள். சரி, அது வலது கை என்றே இருக்கட்டும். ஆனால் அந்த நாளில் ஒன்று இருந்தது, காய்ச்சலில், வேப்பிலை விசிறிக்கொண்டு பக்கத்தில் மைனி உட்கார்ந்திருந்த நேரம், ஆடிவிட்டு நேராக வந்திருந்தாள், வியர்வை வாடை அடித்தது. நெற்றியைத் தொட்ட கையில் வளையல் இல்லை. குளிர்ந்த, வெறும் கை. விசிறுகிற கையில் வளையல் கலகலத்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் முன்னால் விசிறுவதும் பரிமாறுவதும் வலது கையால்தானே. அப்படியானால் வெறும் கை எது? பிரமுவின் மனம் இப்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது, வயரைப் பிடுங்கிப் பிடுங்கி வேறு துளையில் செருகுவதுபோல. மைனி போடுகிற கோலம் எப்போதும் ஒரு பக்கம் சாயும். உன் கோலம் வாசலை விட்டு ஓடப் பார்க்குது என்று அம்மா சொல்லிக் காட்டுவாள். கையெழுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது மாதிரி இருக்கும், காலேஜ் படித்தவள் எழுத்தா இது என்று அண்ணன் கேலி செய்வார். நயினார் சின்னதில் மைனியிடம் அடி வாங்கிக்கொண்டு ஓடிவரும்போது சிவந்திருப்பது எப்போதும் வலது கன்னம். எதிரே நின்று அடிக்கிறவள் எந்தக் கையால் அடித்தால் வலது கன்னம் சிவக்கும்? இன்று காலையில்கூட அந்தக் கொசுவைப் பிடித்த லாவகம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், தோளோடு தோள் உரச நின்று, இது தெரியாமலா? தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. முதன்முதலில் கேட்டது இந்தப் பெட்டிதான். அண்ணனாவது கேட்டிருப்பாரா? போட்டோவைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவர் கண்ணாடி மட்டும் மின்னியது.

"மைனி" என்றாள் பிரமு, திரும்பாமலே. "நீங்க பந்தடிக்கும்போது எந்தக் கையில ஆடுவீங்க?" மைதானத்து இசை திரும்பத் திரும்ப ஓடியது. "இப்ப எதுக்கு அது?" "இது கேக்கு மைனி. நான் கேக்கல." "அதுக்கு என்ன தெரியுமாம்?" "ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கேக்கு." மைனி டிவியைப் பார்த்தாள். அந்தப் பொம்மைகளுக்குத் தோளும் இல்லை முழங்கையும் இல்லை, உடம்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை மட்டும் உருண்டையாகக் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. "காலேஜுல என்னைய எதிர்த்து ஆடுறவளுக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் புரியாது" என்றாள் மைனி, யாருக்கோ சொல்வதுபோல. "பந்து தப்பான பக்கத்துல இருந்து வருதுன்னு நடுவர்கிட்டயே போய்ச் சொன்னா ஒருத்தி." அப்புறம், "எங்கம்மா ஆறு வயசுல கையில சூடு போட்டா. சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் மாத்தியாச்சு. ஆட்டத்துக்கு மாத்தணும்னு யாருக்கும் தோணல, பொம்பளப் பிள்ளை ஆடவா போறான்னு விட்டுட்டாக" என்றாள். பிரமு கேட்டுக்கொண்டே இருந்தாள். மைனியின் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, அந்த நடுவரிடம் போனவளை நினைத்து உதட்டோரம் சிரிப்புதான் இருந்தது. "என்னத்தப் பார்த்துட்டு நிக்க. மாத்திக் கட்டு."

கயிற்றை இடது மணிக்கட்டில் மாட்டினாள். இரண்டாவது பொம்மையின் மேல் வெள்ளைக் கையை வைத்து அமுக்கினாள். மைனி முதல் பந்தைத் தவறவிட்டாள், இரண்டாவதையும். மூன்றாவதுக்குத் தோள் முதலில் திரும்பியது, அப்புறம் இடுப்பு, நாற்காலி கிரீச்சிட்டது, கட்டை காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பொம்மை பந்தை அடித்தது. பிரமுவுக்குத் தெரிந்துவிட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது இதுதான். இவ்வளவு காலமும் அவள் மனசுக்குள் வேறு ஒரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், கண்ணாடியில் பார்ப்பதுபோல, மாறிப் போன ஆட்டத்தை. மடியில் கிடந்த வலது கை முந்தானையிலிருந்து வெளியே வந்துவிட்டிருந்தது. அது அசையவில்லை. பெனிட்டா சொன்னது நடக்கவில்லை. மூளை ஏமாறவில்லை, ஏமாந்திருந்தது இத்தனை நாளும் மற்றவர்கள்தான். மைனி அதைக் கவனிக்கவே இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்தப் பக்கத்துப் பொம்மை யாரு, அது ரொம்பத் துள்ளுது" என்றாள். "அது மெஷினு மைனி." "மெஷினோ கிஷினோ, அதுக்கு இடக்கைக்காரி பந்து எப்படி வரும்னு தெரியல. பார்த்துக்கோ." விளக்கில் எண்ணெய் குறைய, பிரமு இரண்டு தடவை எழுந்துபோய் ஊற்றினாள். ஊற்றும்போது தன் நிழல் சுடரை மறைத்துவிடாமல் ஒதுங்கி நின்று ஊற்றினாள். எந்தக் கையால் எதைச் செய்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால் சாதாரண வேலைகூடப் புதுசாக இருந்தது. எண்ணெய்ச் செம்பை வலது கையில் பிடித்திருந்தாள், அது தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்ததா? தெரிந்துகொள்ள இனி வழியில்லை. அவளிடம் கேட்பதற்கு ஒரு பெட்டி வரவேண்டும்.

எட்டு மணிக்கு இட்லி வைத்தாள். வழக்கம்போல நாற்காலிக்கு வலப்பக்கத்தில் முக்காலியைப் போட்டு, தட்டை அதில் வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்தாள். மைனி வாயைத் திறக்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. விளக்கு இரண்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தன, டிவியில் அந்த வெள்ளைக் கை ஒரு விரலை நீட்டிக்கொண்டு யாருக்காகவோ காத்திருந்தது. "சூடா இருக்கா?" என்றாள் பிரமு. மைனி இல்லை என்று தலையாட்டினாள். அவள் இடது மணிக்கட்டில் கயிறு அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "உங்கம்மா இருந்தா எந்திரிச்சுப் போயிருவா" என்றாள். "அம்மாதான் இல்லையே மைனி." "படத்துல உங்கண்ணன் இருக்காக." "அவுகளுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது." மைனி சிரித்தாள். சிரித்து முடித்து, "தட்ட இந்தப் பக்கம் வை" என்றாள்.

விசாலாட்சியின் வலது கை கடைசிவரை திரும்பவில்லை. மாதக் கடைசியில் நயினார் வந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனான்.